வள்ளம் என்றுதான் கத்தினான்

"வெள்ளம், வெள்ளம் என்று கேட்டபடியே தோழனின் மடியில் உயிர்நீத்த வீர மாலுமி மரியதாசன் நினைவாக இக்குடிநீர்த் தொட்டி." பாறசாலை நினைவுக் குழு கல்லில் வெட்டுவதற்காக எழுதிய வாசகம் இது. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. போன மாதம் முதல் திங்கட்கிழமை அதன் நகல் என் கைக்கு வந்தது. பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள்.

ஒற்றுப்பிழை இல்லை. மற்றதெல்லாம் பிழை.

மரியதாசன் வெள்ளம், அதாவது குடிக்கத் தண்ணீர், கேட்கவில்லை. யார் மடியிலும் சாகவில்லை. நான் அந்தக் கப்பலில் இருந்தேன்.

விடியல். டிசம்பர் மாதம். வியாழக்கிழமை. போர் மணி அடிக்கிறது. நிற்காமல் அடிக்கிறது. நான் கொடி மேடையில் நிற்கிறேன். கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்குப் பின்னால், சற்றுக் கீழே. சிக்னல் கொடிகளும் விளக்குகளும் என் பொறுப்பு. சுற்றிலும் பனி. கடல் அசையவில்லை. கப்பல்தான் நடுங்குகிறது. பழைய கப்பல். வேகம் கூட்டினால் ஆணிகூடச் சத்தம் போடும்.

சோனார் ஒலிக்கிறது. தண்ணீருக்கடியில் ஒலியை அனுப்பி, எதிலோ மோதித் திரும்புவதைக் கேட்கும் கருவி. டிங். இடைவெளி. டிங். இடைவெளி குறைகிறது. நீர்மூழ்கி என்கிறான் அதைக் கேட்பவன். டெப்த் சார்ஜுக்கு உத்தரவு போகிறது. எண்ணெய் பீப்பாய் போலிருக்கும் குண்டு அது. பின்தளத்திலிருந்து கடலில் உருட்டிவிட்டால் ஆழத்தில் போய் வெடிக்கும்.

மரியதாசன் எனக்கு வலப்பக்கம். கை நீட்டினால் தொடலாம். பொழியூர்க்காரன். கண்காணிப்பு அவன் வேலை. தொலைநோக்கியை இறக்குகிறான். மறுபடி கண்ணில் வைக்கிறான். சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில், திசையோடு, பிரிட்ஜுக்குச் சொல்கிறான். சிறு படகுகள். இரண்டாம் முறையும் சொல்கிறான். கேட்டாயிற்று என்று பதில் வருகிறது. கப்பலின் திசை மாறவில்லை.

நானும் பார்த்தேன். பனி ஓரிடத்தில் விலகியது. மூன்று வள்ளங்கள், மீன்பிடிக்கிற சிறு படகுகள். ஒன்றில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். துண்டை வீசுகிறான். இதைப் பார்க்கத் தனிக் கண் வேண்டாம். பிரிட்ஜில் நின்றவர்களும் பார்த்திருப்பார்கள். நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் இருக்கும். வள்ளம் மேலே இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்கலாம்.

மரியதாசன் தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றுகிறான். என் நெஞ்சில் இடித்துக் கொடுக்கிறான். ஏணியில் இறங்குகிறான். ஓடுகிறான். போர்க்காலத்தில் நின்ற இடத்தை விட்டுப் போவது குற்றம். அவனுக்குத் தெரியும். பின்தளத்தில் குண்டு உருட்டுகிறவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குப் புரியட்டும் என்று நம் பேச்சில் கத்திக்கொண்டே ஓடுகிறான்.

"மக்கா, வள்ளம் உண்டும். உருட்டாத லே. வள்ளம். வள்ளம்."

முதல் குண்டு போகிறது. இரண்டாவது போகிறது. அவன் இன்னும் பாதித் தளம்தான் கடந்திருக்கிறான். சமையலறைக் கதவைத் தாண்டுகிறான். கத்துகிறான். மூன்றாவது.

முதலில் சத்தம் இல்லை. கடல் வெளுக்கிறது. பிறகு காலுக்கடியில் ஒரு உதை. பிறகுதான் சத்தம். கப்பலின் பின்பாகம் மேலே எழுந்து விழுந்தது. அதே நேரம் கப்பல் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மரியதாசன் கம்பி வேலியின் மேல் தெரிந்தான். அடுத்து வேலி மட்டும் தெரிந்தது.

"ஆள் விழுந்தாச்சு." நான் கத்தினேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கத்தினேன். யாரோ மிதவை வளையத்தை வீசினார்கள். கப்பல் நிற்கவில்லை.

கப்பலின் பெயரை நான் எழுதவில்லை. தேதியும் தரவில்லை. தேதி தந்தால் பெயர் தெரிந்துவிடும். அந்தப் பெயரை இப்போது வேறொரு புதிய கப்பல் சுமக்கிறது. அதில் போகும் பிள்ளைகள் இதில் எதற்கும் பொறுப்பில்லை. தேதிகளை எழுதிச் சேர்ப்பதே என் பழக்கம். கடற்படையை விட்டு வந்து நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தபோது அது இன்னும் முற்றியது. அப்படிப்பட்டவன் ஒரு தேதியை மறைத்து எழுதுவது எவ்வளவு கசப்பு என்று சொல்லவேண்டியதில்லை.

கப்பலின் வரலாற்றைப் பெயரில்லாமலே சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்காக வேறொரு நாடு குளிர்ந்த கடலோரத்தில் அவசர அவசரமாகக் கட்டிய நாசகாரிக் கப்பல். அந்தப் போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. ஒருமுறை முன்பாகம் உடைந்து இழுத்து வரப்பட்டது. போர் முடிந்ததும் துறைமுகத்தின் ஓரத்தில் கட்டிப்போட்டார்கள். துரு ஏறியது. பிறகு நமக்கு விற்றார்கள். புது வண்ணம், புதுப் பெயர், புதுக் கொடி. உள்ளே பழைய குழாய்கள். குளியலறைக் கதவில் முந்தைய நாட்டு மாலுமி ஒருவன் ஆணியால் கீறிய பெண் பெயர் ஒன்று இருந்தது. எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் தெரியும்.

நம்மிடம் வந்தபின் அதன் பணி பற்றி அச்சில் வந்தவற்றில் என் கைக்கு எட்டியதையெல்லாம் வாசித்திருக்கிறேன். பயிற்சி. ரோந்து. வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு நல்லெண்ணப் பயணம். போர். அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வரி. சந்தேகத்துக்குரிய நீர்மூழ்கி தாக்கப்பட்டது, மரத்துண்டுகளும் உலோகக் கலன் ஒன்றும் மிதக்கக் காணப்பட்டன, எதிரிக்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம். இரண்டாவது வரி: ஒரு மாலுமி கடலில் தவறி விழுந்து காணாமல் போனார்.

அந்த உலோகக் கலனை நான் பார்த்தேன். அலுமினியத் தூக்குப்பாத்திரம். மூடி இறுக்கியிருந்தது. அதனால்தான் மிதந்தது. உள்ளே யாருடையவோ காலைச் சாப்பாடு இருந்திருக்கும்.

பார்க்க நேரம் கிடைத்தது. ஏனென்றால் கப்பல் திரும்பி வந்தது. வந்து, வேகத்தைக் குறைத்தது. சேதத்தைச் சரிபார்க்க என்றார்கள். மரியதாசன் விழுந்த இடம் அதற்குள் பின்னால் எங்கோ போயிருந்தது. வளையம் மட்டும் தூரத்தில் தெரிந்தது. காலி வளையம்.

கடல் முழுக்க மீன். வெடித்த அதிர்ச்சியில் செத்து, வயிறு மேலாக, வெள்ளை வெள்ளையாக. நடுவில் எண்ணெய்ப் படலம் இல்லை. பலகைகள். வலை மிதவைகள். ஒரு துடுப்பு. அந்தத் தூக்குப்பாத்திரம். ஒரு வள்ளம் பனிக்குள் திரும்பிப் போவதைக் கண்டேன். மற்ற இரண்டையும் காணவில்லை.

பின்தளத்திலிருந்து கயிற்றில் வாளி இறங்கியது. முதலில் ஒன்று. பிறகு நான்கைந்து. யாரோ வலைத் துண்டு கொண்டுவந்தார்கள். மீனை அள்ளினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல மீன், நெய்மீன் கிடக்கிறது, அந்தப் பக்கம் போடு என்று ஒருவன் வழி சொல்கிறான். யாரும் தடுக்கவில்லை. நீர்மூழ்கி இருக்கிறது, நின்றால் நாமே குறியாவோம் என்று ஆளுக்காக நிற்காத கப்பல் அது. நிற்காதது போர் விதி. அதை நான் குறை சொல்லவில்லை. மீனைச் சொல்கிறேன். மீனுக்கு மெதுவாகப் போனது.

மத்தியானம் மீன் பொரித்தார்கள். பொழியூர்க்காரன் ஒருவன் விழுந்த கடலில் அள்ளிய மீன். காற்றுக்குழாய் வழியாக அந்த மணம் கொடி மேடை வரை வந்தது. நான் வாந்தி எடுத்தேன். கடல் அசையாத நாளில் கடல் ஒத்துக்கொள்ளாதவன் என்று என்னைக் கேலி செய்தார்கள்.

பொரித்தவன் சுகுமாரன். கப்பலின் சமையல்காரன். நெய்யாற்றின்கரைக்காரன். மரியதாசன் கத்திக்கொண்டு ஓடியபோது கதவுக்குள் நின்று கேட்டவன் அவன். அவன் காதில் விழுந்தது வேறு. வெள்ளம். கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடிவந்தான். இதில் அவன்மேல் தவறில்லை. நம் பக்கத்தில் தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் வெள்ளம் தண்ணீர், வள்ளம் படகு. இயந்திரச் சத்தத்தில் ஒரு உயிரெழுத்து நழுவியது. வேறு எந்த ஊர்க்காரன் கேட்டிருந்தாலும் ஒன்றும் புரியாமல் விட்டிருப்பான். எங்கள் ஊர்க்காரன் கேட்டதால்தான் தவறாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது காதின் தவறு அல்ல.

சுகுமாரனின் கதையை மூன்று நிலையில் நானே நேரில் கேட்டிருக்கிறேன். முதலாவது, கப்பலிலேயே: உள்ளே தண்ணீர் வருகிறதென்று நினைத்து மரியதாசன் எச்சரித்தான். இரண்டாவது, ஊருக்கு வந்து சில வருடம் கழித்து, ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில்: அவன் எச்சரித்ததால் கப்பலே பிழைத்தது. நான் எழுந்து மறுத்தேன். ஒலிபெருக்கி அவன் கையில் இருந்தது. மூன்றாவது, ஒரு சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில்: குண்டடிபட்டு, சுகுமாரனின் மடியில் கிடந்து, வெள்ளம் வெள்ளம் என்று கேட்டான், சுகுமாரன் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கண் மூடிவிட்டான். ஆசிரியைகள் அழுதார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவன் ஊருக்குச் சாட்சி. நான் சந்தேகம் பிடித்தவன்.

இந்த மூன்றாவது கதையைத்தான் கல்லில் வெட்டப் பார்த்தார்கள்.

மரியதாசனுக்கு ஒரு தங்கை. ஸ்டெல்லா. பொழியூரில் இருக்கிறாள். போர் முடிந்த முதல் விடுப்பில் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்பா வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த வள்ளத்துல உள்ளவனுவ தப்பினானுவளா?" தெரியவில்லை என்றேன். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அவன் கடைசிச் சொல் என்னவென்று அன்றிலிருந்து தெரியும். கல்லில் வேறொன்று வரப்போகிறது என்று கேட்டதும் ஸ்டெல்லா பஸ் ஏறி வந்தாள்.

போன மாதம் மூன்றாம் சனிக்கிழமை. பிற்பகல். பாறசாலையில் குழுத் தலைவர் விஜயனின் டைல்ஸ் கடை மாடி. குழுவினர் ஏழெட்டுப் பேர். சுகுமாரனைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கொண்டுவந்து நடுநாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். மீனையும் சொன்னேன்.

"சாரே, ஒரு எழுத்துல்லா," என்றார் விஜயன். "அதுக்கா இந்தப் பாடு?"

"அந்த எழுத்துலதான் விஜயா, வள்ளத்து ஆளுவ கெடக்காவ."

"செரி, எழுதுவோம்னு வைப்போம். தண்ணி பிடிக்க வாற எடத்துல வள்ளம்ணு எழுதினா ஆளுவ என்ன நெனைப்பாவ? படகு சவாரி உண்டும்னு டிக்கட்டு கேப்பாவ."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சிரிச்சாச்சா? இனி நான் பறையட்டா?" என்றாள். "எங்க அண்ணனுக்கு ஒரு தொண்டை உண்டும். கரையில நின்னு கூப்பிட்டா கடல்ல கெடக்குதவனுக்குக் கேக்கும். அந்தத் தொண்டைய வச்சு அவன் தண்ணிக்குக் கெஞ்சினான்னு எழுதாதிய. ஆளக் காப்பாத்த ஓடினான். அத எழுதுங்க. எழுத ஒக்காதுன்னா அவன் பேரு வேண்டாம்."

"அக்கா, அத எழுதினா நம்ம கப்பலு மீன்பிடிக்காரனக் கொன்னுதுன்னு வரும். தெறந்து வைக்க வாறவரு மேடையேறுவாரா?"

"ஏறண்டாம்."

விஜயன் கையை விரித்தார். மோசமான மனிதர் இல்லை. கோடையில் தொட்டி வரும் சாலைச் சந்திப்பில் தண்ணீருக்கு ஆட்கள் அலைவது உண்மை. அவர் தொட்டி கட்ட நினைத்ததும் உண்மை. தொட்டிக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. தாகத்தில் செத்தவன் கதை அதற்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. படகைப் பார்த்துக் கத்தியவன் கதை பொருந்தவில்லை. அவ்வளவுதான். இவ்வளவு சாதாரணமாக ஒரு பொய் கல்லில் ஏறும் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் சுகுமாரன் முன்னால் போய் நின்றேன்.

"நீ கேட்டது வெள்ளம்தான். அத நான் தப்புன்னு சொல்லல்ல. மடி எங்கேருந்து வந்துது சுகுமாரா?"

"எடே, பள்ளிக்கூடத்துல பிள்ளைய எல்லாம் என் வாயப் பாத்துட்டு இருக்கும்போ..." அவன் நிறுத்தினான். மூச்சு வாங்கியது. "ஒரு மடி கூட்டி வச்சேன். செத்தவனுக்கு ஒரு மடி கெடைச்சுதுல்லா. அதுல ஒனக்கென்ன நஷ்டம்?"

அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு அந்த மணம் மூக்கில் ஏறியது.

"மீனையும் நீதானே பொரிச்ச?"

"பின்ன, மீன அழுவிப்போவ விடணுமா?"

அறையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். ஸ்டெல்லா எழுந்தாள்.

"வாங்க அண்ணே. இவிய தொட்டி கட்டட்டும். நமக்கு பஸ்ஸு போவும்."

படியில் இறங்கும்போது அவள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "பேரு எடுத்துருவாவளா?" எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அன்று மாலையே கொடுத்தேன். கையொப்பம் அவளுடையது.

குழு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது. பெயரை எடுத்துவிட்டது. தொட்டியை இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல். பொன்னிற எழுத்து. "வெள்ளம், வெள்ளம் என்று கேட்டபடியே தோழனின் மடியில் உயிர்நீத்த நம் வீர மாலுமியின் நினைவாக." மீதியெல்லாம் அப்படியே. மரியதாசன் மட்டும் இல்லை. பனச்சமூட்டிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பம் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா கல்லை வாசித்தார். பாவம், என்றார். குழாயை இறுக்கி மூடிவிட்டு நடந்தார்.

அங்கிருந்து நேராகப் பொழியூருக்குப் போனேன். ஸ்டெல்லாவிடம் கல்லில் உள்ளதைச் சொன்னேன். வாசகத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். முழுவதும் கேட்டாள்.

"அப்போ இது எங்க அண்ணன் இல்ல," என்றாள். "வேற யாரோ ஆக்கும்." அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது வரவில்லை. பெயர் இருந்தவரை பொய்யை மறுக்க ஒரு பிடி இருந்தது. இப்போது மறுக்க ஆளே இல்லை. யாருடைய கதை என்று கேட்டால் எல்லா மாலுமிக்கும் பொது என்பார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். கல்லுக்கு எதிராக என்னிடம் இருப்பது இதுதான்.

அந்த வியாழக்கிழமை இழந்தவை. மாலுமி ஒருவர், பெயர் மரியதாசன், ஊர் பொழியூர், உடல் கிடைக்கவில்லை. அவர் கடைசியாகச் சொன்ன சொல் வள்ளம். பலமுறை சொன்னார். டெப்த் சார்ஜ் மூன்று. மிதவை வளையம் ஒன்று, திரும்ப எடுக்கப்படவில்லை. கப்பல் பின்னர் உடைப்புக்கு விற்கப்பட்டது. அதைக் கட்டிய நாட்டில் அதற்கு இருந்த பெயர், பெயர்ப்பட்டியல்களில் இன்னும் இருக்கிறது.

அங்கே நீர்மூழ்கி ஒன்று சேதமடைந்ததாக எந்தத் தரப்பிலிருந்தும் எந்தக் குறிப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இல்லை என்று எழுதமாட்டேன்.

வள்ளங்கள் மூன்று கண்டேன். ஒன்று திரும்பிப் போனது. ஒன்றில் ஒருவர் நின்று துண்டு வீசினார். மற்ற இரண்டு வள்ளங்களில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெரியவில்லை. அவர்கள் எதிரி நாட்டுக் கரையைச் சேர்ந்தவர்களா, நம் கரையைச் சேர்ந்தவர்களா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.